நைனா படுத்திருக்கும் மனை

புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி சொன்னான்: "மனை வெல எறங்கிப்போச்சிக்கா. இப்பவே நைனாவ வாங்கிடலாம்."

மூன்றாம் வகுப்போடு நின்றுபோன தலை என்னுடையது. நைனாவை, அதாவது பெற்ற அப்பாவை, எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று யோசித்தபடி காதை நீட்டினேன்.

"நெலத்த லேஅவுட்டுக்கு வித்தப்பவே நைனா சமாதிய வுட்டுட்டு பத்திரம் எழுதியிருக்கணும்டா."

"அதுக்கும் சேத்து காசு வாங்குன்னு நீதானக்கா சொன்ன?"

"சரி வுடு. ஆறு மாசம் போனா இன்னும் எறங்கும்."

"அதுக்குள்ள வேற எவனாச்சும் வாங்கி, நைனா மேல கக்கூஸ் கட்டிட்டான்னா?"

அக்கா "புரோக்கருக்குப் போனப் போடு" என்றாள். பஸ் இரைச்சலில் கேட்காதென்று தம்பி ஸ்பீக்கரைப் போட்டு அவளிடம் கொடுத்தான்.

"இன்னாங்க, சமாதி இருக்கற மனைய எங்கள வுட்டா எவன் வாங்குவான்? பாத்து கொறச்சி சொல்லுங்க" என்றாள் அக்கா.

புரோக்கர் சிரித்தார். "எந்த சமாதிம்மா? வர்ற பார்ட்டியெல்லாம் அதப் பாத்து ஓடறாங்கன்னு போன மாசமே புல்டோசர் வுட்டு சமம் பண்ணிட்டோமே. மரம், கெணறு எதுவும் இல்ல. மனைக்கல்லு கூட புதுசா நட்டுக்கினு இருக்கோம்."

தம்பி போனைப் பிடுங்கினான். "அப்ப எங்க நைனா எந்த மனையில இருக்காரு?"

"அது எனக்கு எப்டி தெரியும் அண்ணா? எல்லா மனையும் ஒரே ரேட்டுதான். உங்களுக்கு எது வேணும், சொல்லுங்க."