திரும்ப எடம்

நிக்காதீக தம்பி. அந்த நாற்காலிய இப்பிடி வெளிச்சத்துல இழுத்துப் போட்டு உக்காருங்க. உங்க முகம் தெரியணும். முப்பத்திமூணு வருசம் பவர்லூமுல நின்னதுல காது ரெண்டும் போயிருச்சு. வாயசைவப் பாத்துத்தான் பேச்சப் புடிக்கிறது. கத்த வேணாம், கத்துனா வாயி கோணிக்கிரும், எனக்கு வெளங்காது.

அழுதாலும் வெளங்காது. அழுகாதீக.

அஜின்தான பேரு? பாண்டி போட்டோவுல காட்டியிருக்கான், பட்டாளத்துல ஒரே ரூமுன்னு. மார்த்தாண்டத்துல இருந்து மூணு பஸ்ஸு மாறியா வாரீக? பந்தல்குடி வழியா வந்தா ரோடு மோசம். சரி. இன்னியோட என் மகன் போயி நாப்பத்தியாறு நாளு.

பட்டாளத்துல இருந்து காயிதம் வந்தது தெரிஞ்சுதான வந்திருக்கீக. இந்தா இருக்கு, பாருங்க. படகுப் பந்தயத்துல உங்க மகன் சாவுக்கு யாரு மேல தப்புன்னு நெனச்சாலும் எழுதிக் குடுங்க, விசாரிக்கிறோம்னு போட்டிருக்காக. அஜின்னு உங்க பேர எழுதுனா உங்க வேலைக்கு ஆபத்தான்னு அவுகளயே கேட்டேன். ஆமான்னாக.

எடுத்தோம் கவுத்தோம்னு எழுதுற ஆளில்ல தம்பி நானு. சட்டம் என்னன்னு தெரியணுமில்ல? இந்த ஊருல கம்மாய் நெறஞ்சு பாத்தே எத்தன வருசமாச்சு, பாய்மரப் படகுக்கு எங்க போறது? பக்கத்துத் தெரு தீபலட்சுமி டீச்சர்தான் அந்தப் பந்தயப் புஸ்தகத்தப் படிச்சு அர்த்தம் சொன்னாக. எழுதி வச்சிருக்கேன், தப்புன்னாத் தலையாட்டுங்க.

ரெண்டு படகு ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல போவுது. எதுக்க கடலுக்குள்ள கட்டுன கல்லுக்கட்டு. கல்லை ஒட்டிப் போறவன் திரும்பியாகணும், திரும்புனா இந்தப்பக்கத்துப் படகுல மோதும். அப்ப அவன் சத்தம் குடுக்கணும், திரும்ப எடம் வேணும்னு. அதக் கேட்ட பக்கத்துப் படகுக்காரன் முடிஞ்ச சுருக்குல தன் படகத் திருப்பணும். இல்லாட்டி, நீ திரும்பு, நான் ஒதுங்கிக்கிறேன்னு பதில் சத்தம் குடுக்கணும். சரிதானா? காத்து எரைச்சல்ல கேக்காதுன்னு தெரிஞ்சா, சத்தத்தோட சேத்துக் கையவும் காட்டணும். சத்தத்தோட சேத்து. அந்த ஒரு எடத்த மட்டும் டீச்சர நாலு தரம் படிக்க வச்சேன்.

சத்தம் வரலைங்குறீக. ம். நம்புறேன்.

பந்தயத்துல எடுத்த அந்த வீடியோவ அம்பத்தெட்டு தரம் பாத்திருக்கேன். பதினோரு செகண்டு. ரெண்டாவது செகண்டுல பாண்டி பாய்க்கயித்துல இருந்து ஒரு கைய எடுக்குறான். அந்தக் கையத் தலைக்கு மேல தூக்கி அஞ்சு வெரலையும் மடக்கி விரிக்கிறான். இன்னொருக்கா மடக்கி விரிக்கிறான். பக்கத்துப் படகுல நீங்க சிரிச்சுக்கிட்டே பதிலுக்குக் கையாட்டுறீக. ஏழாவது செகண்டுல மறுபடியும் தூக்குறான். அதுக்கப்புறம் அலை.

என்ன? டாட்டா காட்டுறான்னு நெனச்சீகளா? கேலி பண்றான்னா? அது அப்பிடித்தான் தெரியும் தம்பி. எவன் பாத்தாலும் அப்பிடித்தான் தெரியும்.

தங்கச்செல்வி, பாண்டியோட அம்மா, உள்ளதான் இருக்கா. அவ அந்த வீடியோவ ஒரு தரம்தான் பாத்தா. பாத்து முடிச்சிட்டு என் முகத்தப் பாத்தா. அன்னியில இருந்து எங்கிட்டப் பேச்சில்ல.

தறி ஓடுற கொட்டாயிக்குள்ள போயிருக்கீகளா? பன்னெண்டு தறி ஒண்ணாச் சேந்து அடிக்கும். தொண்டை கிழியக் கத்துனாலும் பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேக்காது. எங்க ஆளுக எவனும் கத்த மாட்டான். மாட்டிக்கிட்டேன், நிறுத்து, ஓடி வான்னு சொல்லணும்னா கையத் தூக்கி ரெண்டு தரம் மடக்கி விரிக்கணும். அம்புட்டுத்தான், எல்லாத் தறியும் நின்னுரும். தறிப் பக்கம் வெளையாட வருவானேன்னு பாண்டிக்கு நாலு வயசுலயே பழக்கிவிட்டேன். அப்புறம் என் காது போச்சா, வீட்டுலயும் அதே சாடைதான். கெணத்துல நீச்சப் பழகையில மூச்சு முட்டுனா அப்பான்னு கூப்பிட மாட்டான். எனக்குக் கேக்காதே. கைதான் மேல வரும். நான் குதிச்சிருவேன். ஒரு தரம்கூடத் தவறுனதில்ல.

அந்த வீடியோவுல அவன் உங்களக் கூப்பிடல தம்பி.

காயிதமா? முந்தாநாளே பதில் எழுதி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பியாச்சு. தப்பு யாரு மேலன்னு கேட்ட எடத்துல எம்பேரத்தான் எழுதியிருக்கேன். விலாசமும் சுத்தமாப் போட்டிருக்கேன்.

காப்பி ஆறுது, எடுங்க. கெளம்பும்போது உள்ள போயி தங்கச்செல்விகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. உங்ககிட்டப் பேசுவா.