லிங்கராஜபுரத்து வாழை டாக்டர்

எனக்கு வாழைப்பழம் அவ்வளவாகப் பிடிக்காது. தொட்டியத்துக்காரன் என்றதும் லிங்கராஜபுரத்தில் எல்லோரும் எனக்கு வாழை விவசாயம் தெரியும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஊரில் என் அப்பா வைத்திருந்தது செல்போன் கடை. உங்கள் அப்பா ஓஸ்வால்ட் முதன்முதலாக என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டபோது, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ பார்த்துவிட்டுத்தான் போனேன், சோனியா.

வந்திருந்தது இலைப்புள்ளி நோய். கீழ் இலைகளில் மஞ்சள் கீற்று விழும். அது பழுப்பாகி, நடுவில் சாம்பல் பூத்து, இலை ஓரத்திலிருந்து காயும். எல்லாம் ஒரு பூஞ்சையின் வேலை. நோய் கண்ட இலைகளை அறுத்து எரித்தோம். நெருக்கிக்கொண்டிருந்த பக்கக் கன்றுகளை எடுத்தோம். தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டி, இலையின் அடிப்பக்கமும் நனைய மருந்து தெளித்தேன்.

அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உங்கள் அப்பா என்னை டாக்டர் என்று கூப்பிட்டார். ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் எனக்கும் சேர்த்து மீன் குழம்பு வைப்பார். மீசை நரைக்கத் தொடங்கிய ஒருவன் இதற்கெல்லாம் ஏங்குவான் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

புது இலைகள் சுத்தமாக விரிந்தன. அவர் சந்தோஷமாகச் சொன்னார்:

"எல்லாம் சரியாயிடுச்சுப்பா. இனிமே லீவு நாள வீணாக்கி இங்க வராத. ரெஸ்ட் எடு."

நல்ல மனதோடுதான் சொன்னார். பொம்மசந்திராவில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் கவனிப்பில்லாத வாழைகள் சில உண்டு. அங்கிருந்து புள்ளி விழுந்த இலைகளைப் பையில் கொண்டுவந்து, அவர் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் ஒவ்வொரு மரத்தின் குருத்துக்கு மேலேயும் செருகிவைத்தேன். மீதியை மழை செய்தது. சில வாரங்களில் அவரே போன் செய்தார். குரலில் அவ்வளவு கவலை. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குப் புதுச் சட்டை போட்டுக்கொள்ளத் தோன்றியது.

பிறகு ஒவ்வொரு முறை குணமாகும்போதும் அதையே செய்தேன். மருந்தையும் பாதிதான் கலந்தேன்.

தார்கள் சிறுத்தன. கோயில் திருவிழா விருந்துக்கு வருஷாவருஷம் அவர் தோட்டத்து இலைதான் போகும். போன வருஷம் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர் அழுதார். நான் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அடுத்து ஒரு புதன்கிழமை, மழை விட்ட நேரம் பார்த்துத் தானே மருந்தடிக்கப் போய், சேற்றில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். மரங்களை வெட்டச் சொன்னது நீங்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இப்போது உங்கள் ஃப்ளாட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், "அருண் வந்தானா" என்று மட்டும் கேட்கிறார் என்று நேற்று சொன்னீர்கள். அதனால்தான் உள்ளே போவதற்கு முன்பு உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நோயைக் கொண்டுவந்தது நான். அவர் விழுந்ததும் என்னால்தான்.

கோபப்படுங்கள், நியாயம்தான். ஆனால் அந்தத் தோட்டம் நன்றாகவே இருந்திருந்தால், அவரைப் பார்க்க யார் வந்திருப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.