பழைய காற்று

– கையை எடு பொண்ணே. உக்காருன்னுதான் சொன்னேன். பொட்டியைத் திறன்னு சொன்னேனா?

– பெரியவரே, இது ஓலாலோட லேப்டாப். நாலு வருஷம் நானும் அவரும் ஒண்ணா வேலை பார்த்தோம். நான் அக்கேயோ. என்னைத் தெரியலையா?

– தெரியுது. என் மகன் ஏரியில செத்து ஆறு வாரம் ஆச்சு, இன்னிக்குத்தான் கிசுமுலேர்ந்து ம்பிட்டாவுக்கு பஸ் விட்டானாக்கும். ஒருத்தன் அவன் சட்டையைக் கேட்டு வந்தான். இன்னொருத்தன் பைக்கைக் கேட்டான். நீ மூணாவது ஆள்.

– எனக்கு லேப்டாப் வேண்டாம். இதுக்குள்ள ஒரு சின்ன ஃபைல் இருக்கு, அதை மட்டும் எடுத்துக்கறேன்.

– எதுக்கு?

– ஏரியில காத்து எப்படி இருக்கும்னு படகுக்காரங்களுக்குச் சொல்ற ஆப் செஞ்சோம் இல்ல, அதுக்கு.

– ஓ, அதுவா! மேல வானம் கிடக்கு, இவனுங்க உள்ளங்கையைப் பார்க்கறானுங்க. பச்சைன்னா போ, சிவப்புன்னா இரு. நேத்துகூட மேற்கே கருக்குதுடான்னேன். போன்ல பச்சை காட்டுது, நீங்க போய்ப் படுங்கன்னு சிரிச்சானுங்க.

– அதுல ஒரு தப்பு இருக்கு, பெரியவரே. நெட் போயிட்டா, எனக்குத் தெரியலன்னு அது சொல்லணும். சொல்லாம, கடைசியா பார்த்த காத்தையே காட்டிக்கிட்டிருக்கு. காலையில பச்சைன்னா ராத்திரி வரைக்கும் பச்சை.

– அப்ப பொய் சொல்லுதுன்னு சொல்லு. சுத்தி வளைக்காதே.

– ஆமா. பொய்தான் சொல்லுது.

– உன்கிட்டயும் ஒரு பொட்டி இருக்கே. அதுல சரி பண்ண வேண்டியதுதானே?

– பண்ணிட்டேன். போன் ஏத்துக்க மாட்டேங்குது. முதல்ல எந்த முத்திரை குத்தி அனுப்பினோமோ அதே முத்திரை இருந்தாதான் புதுசை உள்ள விடும். இல்லேன்னா எவனோ திருடன்னு நினைச்சுத் தள்ளிடும்.

– போனுக்காவது சந்தேகப்படத் தெரியுதே. முத்திரை எங்க?

– ஓலால்கிட்ட மட்டும்தான் இருந்தது. புதுசா கத்துக்க வர்றவங்ககிட்ட முதல் நாளே சொல்லுவேன், முத்திரையை ரெண்டு இடத்துல வையுங்கன்னு. நான் வைக்கல.

– பழசைத் தூக்கிப் போட்டுட்டு வேற முத்திரையோட குடுக்கறது?

– குடுத்தேன். பழசை அழிச்சுட்டு இதைப் போடுங்கன்னு எல்லாருக்கும் அனுப்பினேன். அறுநூறு பேர்ல பதினோரு பேர் கேட்டாங்க. மத்தவங்க டேட்டா செலவில்லாம பழசையே போனுக்குப் போன் மாத்திக்கிட்டிருக்காங்க.

– சரி, திற. திரையை என் பக்கம் திருப்பி வை.

– ஒரு நிமிஷம்... இருக்கு! முத்திரை இருக்கு பெரியவரே!

– எடுத்துக்கிட்டு நடையைக் கட்டு.

– பாஸ்வேர்ட் கேக்குது. முத்திரைக்குத் தனியா ஒரு பூட்டு. அவர் பொண்ணு பேர் என்ன?

– அப்போண்டி.

– இல்ல. உங்க படகு பேரு?

– ரிஸ்பா. அவன் அம்மா பேரும் அதுதான்.

– இல்ல... வருஷத்தைச் சேர்த்துப் போடறேன்... இல்ல. முதல் எழுத்தைப் பெருசா போட்டா... ம்ஹூம்.

– ஒகும்பான்னு போட்டுப் பாரு.

– உங்க பேரா? போடறேன்... இல்ல, பெரியவரே.

– இருக்காதுன்னு தெரியும். சும்மா சொன்னேன்.

– படகெல்லாம் எப்ப கிளம்பும்?

– வெயில் சாஞ்சா. ராத்திரி ஓமேனா மீன் பிடிக்க விளக்கெல்லாம் துடைச்சு வச்சாச்சு. அது ஏன் கேக்கற? அந்தப் பூட்டுக்கு வார்த்தை கிடைச்சாலும் உடனே அனுப்பிட முடியுமா?

– முடியாது. கம்ப்யூட்டர் ஆப்பை முதல்லேர்ந்து திரும்பக் கட்டணும். நாப்பது நிமிஷம்.

– நாப்பதா! உகாலிக் களி கிண்டி, தின்னு, ஒரு தூக்கமும் போட்டுடலாம்.

– நடுவுல தப்பு வராம இருந்தாத்தான் நாப்பது. பதினேழு தப்புன்னு திரையில சிவப்பா கொட்டும். உண்மையில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், மேல இருக்கிற முதல் வரி. அதைச் சரி பண்ணா மீதி பதினாறும் போயிடும். இது தெரியாம கடைசி வரியைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு நாள் அழுதிருக்கேன். சில நேரம் ஒரு தப்பும் இருக்காது. மூடித் திறந்தா ஓடும். ஏன் ஓடுதுன்னு யாருக்கும் தெரியாது. இதோ பாருங்க, ஓலால் எழுதின ப்ரோக்ராம்.

– இதை நம்பித்தான் ஏரிக்கு ஆள் அனுப்பினீங்களா... இது என்ன? மத்ததெல்லாம் கலர் கலரா இருக்கு, இந்த வரி மட்டும் சாம்பலா இருக்கு.

– அது குறிப்பு. வேலை பார்க்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் எழுதி வைக்கிறது. கம்ப்யூட்டர் அதைக் கண்டுக்காது.

– படி.

– ஒண்ணுமில்ல, சும்மா வேலை விஷயம்...

– நான் மூணாங்கிளாஸ். பேரு படிக்க அது போதும். அதுல உன் பேரு இருக்கு. படின்னேன்.

– "அக்கேயோ, நெட் போனா பழைய காத்தைக் காட்டுது. மூணாவது தடவையா சொல்றேன். இந்த வாரமாவது பாரு."

– எப்ப எழுதினது?

– அவர் போறதுக்கு ஒம்பது நாள் முன்னாடி.

– நீ என்ன பண்ணின?

– உக்காந்தேன் பெரியவரே, சத்தியமா உக்காந்தேன். அப்டேட் பண்ணவான்னு கம்ப்யூட்டர் கேட்டுது. வேலை நடுவுல இருக்கும்போது வேண்டாம்னுதான் அழுத்தணும், எனக்கே தெரியும். சரின்னு அழுத்திட்டேன். எல்லாம் உடைஞ்சு போச்சு. எரிச்சல்ல மூடி வச்சுட்டேன். அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு.

– அடுத்த வாரம்.

– கடைசி நாள் சாயங்காலம் ஓலால் போன் பண்ணினார். மேற்கே கருப்பா ஏறுது, இங்க எல்லாரும் பச்சையைப் பார்த்துட்டுக் கிளம்பிட்டாங்கன்னார். இப்பவே சரி பண்ணிக் கட்டறேன், நாப்பது நிமிஷம் குடுங்கன்னேன். சிரிச்சார். நடு ஏரியில நெட் இல்லாதவனுக்கு எதை அனுப்புவ, நானே போய்க் கூப்பிட்டுட்டு வரேன்னார்.

– யாரைக் கூப்பிட?

– படகுங்களை. அவங்க வேற பக்கமா தீவுல ஒதுங்கிட்டாங்க, இவரைப் பார்க்கவே இல்ல. அவங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வரத்தான் பெரியவரே அவர் போனார். உங்ககிட்ட வந்து சொல்ல ஆறு வாரமா எனக்கு தைரியம் வரல. திட்டுங்க பெரியவரே.

– குடிச்சிட்டுப் படகை எடுத்தான்னு கரையெல்லாம் பேசினாங்க. அதை நம்பி அவன் குழியில நான் ஒரு பிடி மண்ணு போடல.