இரண்டு மணி நேர இடைவெளி

அந்த மாத்திரையைப் பால் டீயோடு போடக்கூடாது. மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள் அட்டையைக் கிழித்து மாத்திரையை வாயில் போட்டு டீயைக் குடித்தபோது, நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. விசாரணைக்கு வந்தவள் இன்ஸ்பெக்டருக்கு வைத்தியம் சொல்வது நன்றாக இருக்காது.

கேட்டதைச் சொல்கிறேன் மேடம். என் பெயர் பாண்டிச்செல்வி. சாத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். கட்டுப் போடுவதும் ஊசி போடுவதும்தான் தினசரி வேலை. ஆனால் எனக்குப் பிடித்தது மருந்துகளைக் குடும்பம் குடும்பமாகத் தெரிந்துகொள்வது. பென்சிலின் குடும்பம் கிருமியின் சுவரை இடிக்கும். குயினோலோன் குடும்பம் அது பெருகுவதைத் தடுக்கும்; நீங்கள் போட்டதும் இந்தக் குடும்பம்தான். வைரஸிடம் இவற்றில் எதுவும் செல்லாது; அதற்கு வேறு வகை, அதுவும் எல்லா வைரஸுக்கும் கிடையாது. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. "சளிக்காய்ச்சல்தானத்தா, அந்தச் செவப்பு கேப்ஸ்யூல்ல ரெண்டு குடு. விடிஞ்சா வேனுக்கு ஏறணும்" என்பார்கள். தீபாவளிப் பட்டாசு சீசனில் ஒருநாள் படுக்கக்கூட அவர்களால் முடியாது.

என் தங்கை ஓவியாவும் அப்படித்தான் கேட்பாள். நான் கொடுக்கமாட்டேன். "ஏங்காசுல படிச்சிட்டு எனக்கே மாத்திரை இல்லங்கா பாரு" என்று அம்மாவிடம் சொல்வாள். உண்மைதான். நான் நர்ஸிங் படித்தது அவள் பட்டாசுக் கம்பெனியில் வாங்கிய கூலியில். "நீ ஊசி போடப் படி அக்கா, நான் வெடி போட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது புருவம், காது மடல், நகக்கண் எல்லாம் அலுமினியப் பொடி அப்பி வெள்ளியாக மின்னும். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிடுவது என் வேலை. முழுதாக ஒருநாளும் போனதில்லை.

வேலையில் அவள் கெட்டிக்காரி. கலவையைச் சல்லடையில் தட்டுகிறபோது பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி கை வைப்பாள் என்று கூட வேலை பார்த்தவர்களே சொல்வார்கள். வெடி விபத்து நடந்து அவள் போன அன்று, நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேரை உட்காரவைத்திருந்தார் போர்மேன் கண்ணுச்சாமி. லோடு ஏற்ற லாரி வந்து நின்றுகொண்டிருந்தது. "வெரசா, வெரசா" என்று அவர் வாசலில் குடைபிடித்து நின்று விரட்டியதை அடுத்த ஷெட்டில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் யாரும் பிறகு வாய் திறக்கவில்லை. உள்ளே இருந்தவர்களில் உயிரோடு வந்தது முனியராஜ் ஒருவர்தான். முதுகு முழுக்க வெந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் குப்புறப் படுத்தபடியே அவர் வாக்குமூலம் கொடுத்தார். ஓவியா என்ற பெண் கவனக்குறைவாகச் சல்லடையைத் தரையில் தேய்த்ததால் உராய்வு ஏற்பட்டுத் தீப்பிடித்தது. இப்படித்தான் எழுதப்பட்டது. கம்பெனி மறுபடி திறந்தது. கண்ணுச்சாமி அதே வாசலில் அதே குடையோடு நிற்கிறார்.

எங்கள் வீட்டு வாசலுக்கு அன்று செத்த இன்னொரு பெண்ணின் தாய் வந்தாள். "ஒந்தங்கச்சி கைய வச்சிக்கிட்டு ஒழுங்கா இருந்திருந்தா எம்மக இந்நேரம் சோறு தின்னுக்கிட்டு இருப்பா" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. சொல்லிவிட்டு வாசல்படியில் துப்பிவிட்டுப் போனாள். அம்மா அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அன்றிலிருந்து அம்மா தெருக்குழாய்க்குப் போவதில்லை. எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். கோபம் வந்து போகிற சாமான் மேடம். இது போகவில்லை.

பிறகு கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவை நிறுத்திக்கொண்டது. முனியராஜை வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்ற ஒரு நர்ஸ் வேண்டும் என்று அவர் மனைவி பொன்னுத்தங்கம் வந்து கேட்டபோது, நான் போகிறேன் என்று சொன்னேன். என்னை யாரும் அனுப்பவில்லை.

கட்டு மாற்றுவதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒட்டிய துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து ஊறவைத்துத்தான் எடுப்பேன். "நீங்க கை வச்சாத்தான் சிஸ்டரு எரிச்சல் அடங்குது" என்பார். பொன்னுத்தங்கம் எனக்கென்று சுக்குக்காப்பி போட்டு, ஆறாமல் மூடி வைத்திருப்பாள்.

புண்ணில் பச்சையாகச் சீழ் வைத்தது. எடுத்துப் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். அந்தக் கிருமிக்கு வாய்வழியாகக் கொடுக்கக்கூடியது குயினோலோன் வகை மாத்திரை ஒன்றுதான். மற்றதெல்லாம் ஊசி, அதற்கு மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். டாக்டர் மாத்திரையை எழுதிக் கொடுத்து, என்னிடம் சொன்னார்: "வயித்தெரிச்சல் மருந்தை இதோட சேத்துக் குடுத்திராதம்மா. ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. அதுல இருக்கிற அலுமினியம் மாத்திரையைப் பிடிச்சு வச்சுக்கிரும், ரத்தத்துல சேரவே விடாது." எனக்கு முன்பே தெரிந்ததுதான். தலையாட்டினேன்.

வலி மாத்திரைகளால் முனியராஜுக்கு வயிறு எரிந்துகொண்டே இருக்கும். "அந்த ரோஸ் கலர் டானிக்கு குடுங்க சிஸ்டரு, குளுகுளுன்னு இருக்கு" என்று அவரேதான் கேட்பார். நான் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தேன். அலுமினியம் என்று இருந்தது. ஓவியாவின் நகக்கண்ணில் கடைசிவரை நான் துடைத்துத் தீராதது அதுதான்.

மாத்திரையைக் கொடுத்தேன். உடனே டானிக்கையும் ஊற்றிக் கொடுத்தேன். நான் இல்லாத வேளைக்கு அப்படியே கொடுக்கும்படி பொன்னுத்தங்கத்துக்கும் சொல்லிக்கொடுத்தேன். "மாத்திரை சூடு. கூடவே டானிக்கு குடுத்திருங்க மதினி, வயிறு தாங்கும்." ஒரு வேளை மாத்திரையைக்கூட நான் மறைத்து வைக்கவில்லை, மாற்றவில்லை. அவர் அத்தனையையும் விழுங்கினார். விழுங்கியவரைக்கும் சரி, அதற்கு மேல் அது அவருக்குள் போகவில்லை, அவ்வளவுதான்.

நான் யார் என்று அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தலையணையில் முகத்தைப் புதைத்தபடியே பேசினார்.

"நீங்க ஓவியாவுக்கு அக்கான்னு மொத நாளே எனக்குத் தெரியும் தாயி. பொன்னுத்தங்கத்த ஒங்ககிட்டதான் அனுப்பணும்னு நாந்தான் சொன்னேன்."

நான் பஞ்சை நனைத்துக்கொண்டேன்.

"அந்தப் புள்ள சல்லடையத் தரையில வைக்கவே இல்ல. எடம் இல்லையே வைக்க. போர்மேன் வெரட்டுன வெரட்டுல வாசப் பக்கம் இருந்தவுகதான் கலவச் சட்டிய இழுத்தாக. கம்பெனி ஆளு என் கட்டில் பக்கத்துலயே ஒக்காந்துக்கிட்டு, ஆஸ்பத்திரிச் செலவு வேணுமா வேண்டாமான்னு கேட்டான். செத்தவளுக்கு என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சு அவன் சொன்னதையே சொல்லிப்புட்டேன். தேறி எந்திரிச்ச மறுநாளு விருதுநகருக்குப் போயி, கலெக்டராபீஸ்ல உள்ளத உள்ளபடி சொல்லிருதேன். என்னைய நம்புங்க."

"பேசாதீக அண்ணாச்சி, முதுகு அசையுது" என்றேன்.

கட்டுப் போட்டு முடித்தேன். மாத்திரையை எடுத்து அவர் நாக்கில் வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அவர் கை டானிக் பாட்டிலைக் காட்டியது. ஊற்றினேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "அவர் பிழைச்சிருந்தா உன் தங்கச்சி மேல போட்ட பழி போயிருக்குமேம்மா" என்றீர்கள். போயிருக்காது மேடம். அவர் சொல்லியிருக்க மாட்டார். எழுந்து நடந்திருந்தால் மறுபடி அதே வேனில்தான் ஏறியிருப்பார். எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். தெரியும். அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

காய்ச்சல் ஏறியது. நடுக்கம் வந்தது. ஒருநாள் பொன்னுத்தங்கத்தை அவருடைய தாய் என்று நினைத்துக்கொண்டு பேசினார். "ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போவமா சிஸ்டரு?" என்று அவள் கேட்டாள். அந்த வீட்டில் என் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. "மாத்திரை கேக்க நாளாகும் மதினி, பொறுங்க" என்றேன். அவள் பொறுத்தாள். அன்று கொடுத்த காப்பியையும் குடித்தேன். அவர் இறந்தபோது அவள் என் தோளில்தான் சாய்ந்து அழுதாள், அவளைத் தட்டிக்கொடுத்தேன். அந்தக் கை நடிக்கவில்லை மேடம்.

வேளாவேளைக்குச் சாப்பிட்ட மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று டாக்டர் துருவியிருக்கிறார். ஜன்னலில் வரிசையாக நின்ற காலி டானிக் பாட்டில்களைப் பார்த்து, எப்போது கொடுத்தாய் என்று பொன்னுத்தங்கத்தைக் கேட்டாராம். "மாத்திரையோடயே குடுக்கச் சொன்னாக" என்றாளாம். என்னைக் காட்டிக்கொடுக்க அல்ல, நான் எவ்வளவு அக்கறையாகப் பார்த்தேன் என்று சொல்வதற்காக.

கண்ணுச்சாமியை ஏன் விட்டாய், முதலாளியை ஏன் விட்டாய் என்கிறீர்கள். அவர்கள் யாரும் என்னிடம் முதுகைக் காட்டிப் படுக்கவில்லை.

நீங்கள் நல்லவர். காலையிலிருந்து என்னைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள். பொன்னுத்தங்கம்கூட வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "அந்தச் சிஸ்டரு தெரிஞ்சு செஞ்சிருக்காது" என்று அழுகிறாளாம். இப்போது காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறீர்கள். "இடைவெளி விடணும்னு கவனக்குறைவால மறந்துட்டேன்னு போட்டிருக்கேன். டாக்டருங்களே மறக்கிறதுதான். கையெழுத்துப் போடு, சின்ன கேஸா முடிஞ்சிரும். வீட்ல அம்மா தனியா இருக்காங்கல்ல" என்கிறீர்கள்.

அந்த வார்த்தையை நான் விரல் வைத்துப் படித்தேன். ஓவியாவைப் பற்றி எழுதிய அதே வார்த்தை. அதே போலீஸ் எழுத்து.

பேனாவை உங்கள் பக்கம் நகர்த்திவைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் மேடம். அடுத்த வேளை மாத்திரையை வெறும் தண்ணீரில் போடுங்கள். இதில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். எங்கள் வீட்டில் யாரும் எந்த வேலையையும் கவனக்குறைவாகச் செய்ததில்லை.