ரிலீஃப் வராத கார்டு

என் பெயர் திரிபுரசுந்தரி, வயது 44, கணவர் பெயர் ஜெயராம், இருப்பு ஹைதராபாத் சைனிக்புரி, கீழ்த்தளம். கச்சிபௌலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் வேலை. எனக்குத் தெலுங்கு எழுத வராததால் நான் சொல்லச் சொல்லத் தமிழ் தெரிந்த ஏட்டு எழுதிக்கொள்கிறார்.

இறந்துபோன சௌந்தரராஜன், வயது 77, என் மாமனார். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி போய்வந்த பாசஞ்சர் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வண்டியை நிறுத்திப் பதினேழு வருடம் ஆகிறது. அவருக்கு மட்டும் அது ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று வருடமாக நினைவு தப்பி, விடிந்ததும் வெள்ளை யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு டியூட்டிக்கென்று தெருவில் இறங்கிவிடுவார். என் கணவர் டூர் போய்விட்டால் தேடி அலைவது நான் ஒருத்திதான்.

அவர் ஓயாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரு புயலில் செம்பனார்கோயிலுக்கும் ஆக்கூருக்கும் நடுவே வண்டி நின்றுவிட்டதாம். ரிலீஃப், அதாவது மாற்று கார்டு, வந்து கையெழுத்துப் போடும்வரை இரண்டு நாள் இவர் கடைசிப் பெட்டியை விட்டு இறங்கவே இல்லையாம். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்த்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதன்பிறகு தினமும் காலை ஏழரைக்கு வராந்தாவில் நாற்காலி போட்டு, பச்சைக் கொடியும் நோட்டும் கொடுத்து, சோறும் தண்ணீரும் பக்கத்தில் வைத்து, வண்டி நிற்கிறது, ரிலீஃப் வரும் என்று சொல்லிவிட்டுக் கேட்டைப் பூட்டிக்கொண்டு போவேன். மாலை ஆறுக்கு வந்து நோட்டில் ரிலீஃப் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதுவரை அசையமாட்டார். பாத்ரூமுக்குக்கூட எழுந்திருக்கமாட்டார். பேண்ட்டை அலசுவதும் நான்தான்.

2003 மே 18 ஞாயிறன்று என் மேனேஜர் சந்தானம் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். அவர்கள் எதிரில் மாமனார் என்னைக் காட்டி, "இவ டிக்கெட் இல்லாம ஏறினவ, அடுத்த ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடுங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் விடியற்காலை கணவர் டூர் கிளம்பினார். அதன்பிறகு வழக்கம்போல மாமனாரை உட்கார வைத்தேன். தண்ணீர் பாட்டிலை நிரப்பவில்லை. மறந்துவிட்டேன் என்று நேற்று இங்கே சொன்னேன். மறக்கவில்லை. ஒரு நாள் வாய் வறண்டால் வாய்க்கொழுப்பு அடங்கட்டும் என்று இருந்தது. அவருக்குப் பின்னால் பத்தடியில் தண்ணீர்ப் பானை, நடுவில் கதவு திறந்துதான் இருந்தது.

மதியம் ஒன்றே முக்காலுக்குப் பக்கத்து வீட்டு எலிசபெத் ஆபீசுக்கு போன் செய்தார். வராந்தாவில் வெயில் நேராக அடிக்கிறது, பெரியவர் முகம் சிவந்துவிட்டது, கேட் பூட்டியிருக்கிறது, உள்ளே போய்த் தண்ணீர் குடியுங்கள் என்று சுவரோரம் நின்று கத்தினால், "ரிலீஃப் வராம வண்டிய விட்டு இறங்கப்படாதும்மா" என்கிறார் என்றார். ரிலீஃப் வந்தாச்சு என்று தானே சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டார். நான், "வேண்டாங்க. ஒரு தடவ நீங்க சொல்லிட்டா நாளைக்கு நான் சொன்னா உக்காரமாட்டார்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அன்று வழக்கமான கம்பெனி வண்டியில் ஏறவில்லை. வேலை ஒன்றும் இல்லை. கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த வண்டியில் வந்தேன். ஏழே முக்காலுக்குக் கேட்டைத் திறந்தேன். மாமனார் நாற்காலியில் நிமிர்ந்தபடியே இருந்தார். கொடி மடியில் இருந்தது. தொட்டேன், உயிர் இல்லை. சோற்று டப்பா திறக்கப்படவில்லை.

நோட்டில் அவர் கடைசியாக எழுதியிருந்தது இது: "2.10. ரிலீஃப் இல்லை. பயணிகளுக்குத் தண்ணீர் அனுப்பவும்."

அதைப் படித்துவிட்டு, டாக்டருக்கு போன் செய்யும் முன்பு, அந்த வரிக்குக் கீழே ரிலீஃப், மாலை 6.00 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் வந்தது ஏழே முக்காலுக்கு என்று எலிசபெத் சொல்வதுதான் சரி.

ஏட்டு படித்துக் காட்டினார். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை, நடந்தது இதுதான். நோட்டில் இருப்பதும் இதன் கீழே நான் போடுவதும் ஒரே கையெழுத்துதான்.

(ஒப்பம்) ஜெ. திரிபுரசுந்தரி
21-5-2003