அக்கா மடித்த குடை

முதலில் உங்கள் பூட்ஸைத் தண்ணீரில் அலசிவிடுங்கள், ஐயா. இந்த உப்பு பொல்லாதது. விட்டால் தோலைத் தின்றுவிட்டுத் தையலையும் தின்றுவிடும். இந்த வெண்டோவர் உப்புவெளிக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு ஜோடியைப் பலி கொடுத்துவிட்டுத்தான் இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

சரி, ஈயத்துக்கு வருவோம். நொறுங்கிய காரின் வாலில் ஏன் ஈயக்கட்டிகள் இருந்தன என்று கேட்டீர்கள். எங்கள் மெக்கானிக் டெல்மரைப் போட்டுக் குடைய வேண்டாம். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பாவம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வைத்தவள் நான். ஏன் வைத்தேன் என்று புரிய வேண்டுமானால், வேகம் என்றால் என்ன என்று முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

காரணமே இல்லாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்ததுண்டா உங்களுக்கு? எனக்கு ஒவ்வொரு ஆகஸ்டிலும் இங்கே வேகப் போட்டி நடக்கும்போது வரும். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று உப்பு, அதன் நடுவே ஒரு கறுப்புக் கோடு, அந்தக் கோட்டின் மேல் என் தம்பி ஆர்லோ. கார்தான் முதலில் கண்ணில் படும். சத்தம் ஆற அமரப் பின்னால் வரும். அந்த இடைவெளியில் யாரோ வயிற்றுக்குள் கிச்சுகிச்சு மூட்டுவார்கள். இந்த வயதிலும் நான் தொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குதிப்பேன்.

ஜெட் கார்களும் இங்கே வரும். அவை எனக்குப் பிடிக்காது. ஜெட் என்பது வழிதவறித் தரையில் ஓடுகிற விமானம். அதன் சக்கரங்கள் ஓசியில் கூடவே வரும். எங்கள் காரில் சக்கரம்தான் உழைக்க வேண்டும், உப்பைப் பிடித்துக் காரைத் தள்ள வேண்டும். உப்பில் ஈரம் இருந்தால் பிடி கிடைக்காது. சக்கரம் பேய்போலச் சுற்றும், கார் அந்த அளவுக்குப் போகாது. அதனால் நாங்கள் எடையைக் குறைக்க மாட்டோம், கூட்டுவோம். பின்சக்கரங்களின் மேல் ஈயம் அடுக்குவோம். அதில் ஒரு தப்பும் இல்லை, எல்லோரும் செய்வதுதான்.

எங்கள் பிரிவுக் கார்களில் வேகச் சாதனை ஃபென்விக் என்ற பல் டாக்டரிடம் இருந்தது. கலிபோர்னியாக்காரர், தங்கமான மனிதர் என்பார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார். அவருடைய கார் படம், அதன் கீழே அவருடைய வேகம், அவ்வளவுதான். ஒப்புக்கு ஓர் ‘அன்புடன்’ கூட இருக்காது. ஆர்லோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பான். நான் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த எண் என்னைப் பார்க்கும்.

ஓட்டம் முடிந்ததும் காரைப் பின்னாலிருந்து இழுத்து நிறுத்துகிற பாராசூட்டை மடிப்பது என் வேலை. நாங்கள் அதைக் குடை என்போம். காரின் வாலில் இரண்டு இருந்தே ஆக வேண்டும் என்பது போட்டி விதி, ஒன்று கிழிந்தால் இன்னொன்று. அந்த வேகத்தில் ஒன்று கிழிவது சகஜம். மடித்து மூடிய பிறகு மூடியில் ஒரு சிவப்பு நூல் கட்டுவேன். அதைத் தொட்டுப் பார்க்காமல் ஆர்லோ காரில் ஏற மாட்டான். எங்கள் கூடாரத்துக்கு யார் வந்தாலும் பெருமையடிப்பான்: “எங்கக்கா மடிச்ச குடை விரியாம போனதா சரித்திரமே கிடையாது. நான் பிரேக்க நம்புறதில்ல, அவளத்தான் நம்புறேன்.”

நேற்று முதல் ஓட்டத்தில் டாக்டரை மயிரிழையில் தாண்டினான். ஆனால் ஓர் ஓட்டம் போதாது. போட்டி நடத்துகிறவர்கள் கயிறு கட்டி அடைத்த இடத்தில் காரை ஒப்படைத்துவிட்டு, அங்கேயே பழுது பார்த்து, மறுநாள் காலை இன்னொரு முறை ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் சாதனைப் புத்தகத்தில் ஏறும். கூடாரத்தில் ஒரே ஆட்டம் பாட்டம். ஆர்லோ மட்டும் தலையைச் சொறிந்தான்.

“சக்கரம் வழுக்குதுக்கா. நாளைக்கு உப்பு இன்னும் நசநசன்னு இருக்கும். போனா போகுது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

அடுத்த வருடம் என்றால் இன்னும் ஓர் அட்டை.

கூடுதல் ஈயம் வைக்க இடமே இல்லை. இருந்த பொந்தையெல்லாம் டெல்மர் ஏற்கெனவே அடைத்திருந்தான். மிச்சமிருந்தது இரண்டாவது பாராசூட்டின் அறை, அதுவும் பின்சக்கரங்களுக்கு நேர் மேலே. எல்லோரும் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாராசூட்டை எடுத்துக் கூடைக்குள் துணியோடு துணியாகப் போட்டேன். கட்டிகள் அளவெடுத்துச் செய்ததுபோல அங்கே உட்கார்ந்துகொண்டன. வாயில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மூடினேன். சோதனை செய்கிறவர்கள் முதல் ஓட்டத்துக்கு முன்பே பார்த்து முடித்திருந்தார்கள். சிவப்பு நூலும் கட்டினேன்.

நியாயமாக யோசித்துப் பாருங்கள். பாராசூட் என்பது சாதனை முடிந்த பிறகு வேண்டிய பொருள். ஈயம் அதற்கு முன்பே வேண்டும்.

இன்று காலை ஆர்லோ நூலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“என்னக்கா, மூஞ்சியெல்லாம் பல்லா இருக்கு?”

“பல் டாக்டர நினைச்சேன்” என்றேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

சக்கரம் துளிக்கூட வழுக்கவில்லை, ஐயா. பிறந்ததே அதைப் பார்ப்பதற்குத்தான் என்று தோன்றியது. கடைசிக் கம்பத்தை அவன் தாண்டியதும் ஒலிபெருக்கியில் எண்ணைச் சொன்னார்கள். சராசரி போட்டுப் பார்த்தால் டாக்டர் எங்கோ பின்னால். நான் எங்கள் லாரியின் கூரையைத் தட்டித் தட்டிக் கையை வீங்க வைத்துக்கொண்டேன். அப்போதுதான் ரேடியோவில் அவன் குரல் வந்தது, எப்போதும்போல நிதானமாக.

“அக்கா, முதல் குடை கிழிஞ்சிருச்சு. ரெண்டாவத இழுக்குறேன்.” பிறகு, “வரலக்கா.”

இதை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு குடையும் இல்லையென்றால் என்ன செய்வது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இழுப்பதை விட்டுவிட்டு, அந்தக் கணமே காரை மெல்ல வளைத்துத் திறந்த உப்பில் ஓடவிட வேண்டும். சுற்றிச் சுற்றித் தானே ஓய்ந்துவிடும். தாமதித்தால் ஆபத்து, ஏனென்றால் இந்த வருடம் கோட்டின் முடிவில் சேறு. ‘உள்ளே குடை இல்லை, வளைத்துவிடு’ என்று நான் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த ரேடியோவை நேரம் குறிக்கிறவர்களும் கேட்பார்கள். கேட்டால் சாதனை போய்விடும். பொத்தானை அழுத்தினேன்.

“நாம ஜெயிச்சுட்டோம்டா. இழு. இன்னும் நல்லா பலமா இழு.”

இழுத்தான். சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைத் தட்டமாட்டான். சேறு வரும்வரைக்கும் இழுத்துக்கொண்டே இருந்தான்.

எல்லாம் அவனுக்காகச் செய்ததுதான், ஐயா. புத்தகத்தில் ஏறப்போவது அவன் பெயர், என் பெயர் இல்லை. கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நேரம் குறிக்கிறவர்களிடம் மட்டும் ஈயத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள். செத்தவன் கையிலிருந்து பிடுங்குவது பாவம்.

அப்புறம் ஒரு சின்ன உதவி. கிறிஸ்துமஸுக்குச் சிறையிலிருந்து ஒரே ஓர் அட்டை அனுப்ப விடுவார்களா? படம் தயாராக இருக்கிறது. டாக்டரின் முகவரி எனக்கு மனப்பாடம்.