சுதனின் ஸ்பீக்கர்கள்

கிட்ட வந்து இருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள். இது என் மச்சான் நிமலன் அழுதழுது சொன்னது. அவனுடைய தமையன் வாகீசனுக்கு நடந்தது.

பொழுது பட்ட நேரம். பண்ணைத் தாம்போதி. இரண்டு பக்கமும் கடல்... ரோட்டில் ஒரு சனம் இல்லை. வாகீசன் யாழ்ப்பாணத்திலிருந்து மண்கும்பானுக்கு மோட்டார் சைக்கிளில் வருகிறான். பின்னால் கயிற்றால் கட்டிய ஒரு சோடி ஸ்பீக்கர். அவனுடைய கிற்றார் அம்பிளிபயர்ப் பெட்டியில் இருந்தவை கிழிந்துபோனதால் மாற்ற வாங்கியது.

கடையில் புதிது புதிதாக எத்தனையோ பூட்டி வாசித்துப் பார்த்திருக்கிறான். ஒன்று தகரம் தட்டியது. இன்னொன்றுக்குச் சளி பிடித்த குரல். கடைசியில், மூலையில் கிடந்த பழைய சோடி... தொட்டவுடனே தேன்.

"இது ஆற்றை?"

"இறுப்பிட்டிச் சுதன்ரை. கரண்ட் அடிச்சுச் செத்தவனெல்லோ. தங்கச்சி கொண்டுவந்து தந்தவா," என்றார் கடைக்காரர்.

சூடு சொரணை உள்ளவன் வைத்துவிட்டு வந்திருப்பான். இவன் வாங்கினான். சுதன் உயிரோடு இருந்தபோதே அந்த ஒலியில் இவனுக்குப் பொறாமை.

சுதன் செத்ததே இவனால்தான். இருவரும் ஒரே இசைக்குழு. கோயில் திருவிழாவில் சுதனின் அம்பிளிபயர் இரைந்தது. இரைச்சலை நிறுத்த, அதன் எர்த் வயரை வாகீசன் வெட்டிவிட்டான். வெட்டினால் கிற்றார்க் கம்பியில் கரண்ட் ஏறும் என்று யோசித்தானா, பாவி? கோயில் வீதியில் எங்கள் ஆட்கள் செருப்புப் போடுவார்களா? மழை பெய்த மண்ணில் வெறுங்காலோடு நின்ற சுதன் கம்பியைத் தொட்டான். அவ்வளவுதான்.

அதோடு விட்டானா? வயரைக் களவாகத் திரும்ப முறுக்கிவிட்டு, "வெறியிலை வயரிலை கை வைச்சவன்" என்று செத்தவீட்டில் கதை கட்டினான். ஊர் நம்பியது. சுதனின் தங்கச்சி தயானி மட்டும் மண்ணை வாரி எறிந்தாள்.

"என்ரை அண்ணை ஒரு சொட்டும் குடிக்காதவர்! பொய் சொன்னவன் நாசமாய்ப் போவான்!"

சரி, தாம்போதிக்கு வருவோம். நடுவழியில் வாகீசனின் முதுகுக்குப் பின்னால்... ம்ம்ம்ம்... இரைச்சல். வயரே இல்லாத ஸ்பீக்கர் எப்படி இரையும்? எஞ்சினை நிறுத்தினான். இரைச்சல் நிற்கவில்லை. ரப்பர் கருகிய மணம்... அப்போதாவது கடலில் எறிந்திருக்கலாம். ஆசை விடவில்லை.

வீட்டுக்கு வந்து, ஸ்பீக்கர்களைக் கட்டோடு உள்ளே தூக்கிப்போய் அறையைப் பூட்டிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் உள்ளே கிற்றார் கேட்டது. நிமலன் கதவில் காதை வைத்தான். அது வாகீசனின் கை இல்லை... சுதனின் கை.

பிறகு வாகீசன் அலறினான்.

"விடடா சுதன்! ஓம், நான்தான் வெட்டினனான்! தயானியிட்டைச் சொல்லுறன்... ஐயோ, கையை எடுக்க ஏலாமல் கிடக்கு!"

கதவை உடைத்தபோது உயிர் இல்லை. உள்ளங்கையில் ஆறு கரிக்கோடுகள். அம்பிளிபயரின் பிளக் கழன்று மேசையில் கிடந்தது. ஸ்பீக்கரில் கட்டிய கயிறு அவிழ்க்கப்படவே இல்லை.

விடிந்ததும் நிமலன் இறுப்பிட்டிக்கு ஓடினான், தயானியிடம் உண்மையைச் சொல்ல. அவள் குசினியில் சாப்பாட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் வந்து நின்றான். அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"எல்லாம் தெரியும். அண்ணை இப்பதான் சாப்பிட்டிட்டுப் போறார். வயரை வெட்டேக்கை டோர்ச் பிடிச்சது நீராம்... உம்மைத் தேடித்தான் போறார்."